தாத்தாவின் எதிரி யார், பேத்தியின் எதிரி யார்? கொல்கத்தா கேலரியில் ஒரு நூற்றாண்டு

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் அப்பா உள்ளூர் அணிக்காக ஊரோடு சண்டை போட்டவர். என் மகனோ தன் வாழ்நாளில் பார்த்தே இராத ஓர் இங்கிலாந்து ஊரின் அணிக்காக நள்ளிரவில் கண் விழிக்கிறான். தலைமுறைக்குத் தலைமுறை கால்பந்து ரசிகர்கள் எப்படி மாறியிருக்கிறார்கள்? விசுவாசம் என்பதே போய்விட்டதா?"

போகவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பொத்தாம்பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது, ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். எனக்குத் தெரிந்த ஊர் கொல்கத்தா. வங்கி வேலையில் மாற்றலாகி எண்பதுகளின் கடைசியில் அங்கே போனேன், திரும்பி வரும்போது தலை நரைத்திருந்தது. தமிழர்கள் கூடுதலாக இருக்கும் லேக் மார்க்கெட் பக்கம்தான் குடியிருந்தேன். அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, "மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" இரண்டும் அந்த ஊரின் பெரிய கால்பந்து கிளப்புகள். நான் திருநெல்வேலிக்காரன், எனக்கு இரண்டும் இல்லை என்றேன். அந்தப் பதில் அங்கே செல்லாது. "சரி, இறால் பிடிக்குமா, இலிஷ் மீன் பிடிக்குமா?" என்று அடுத்த வழியில் வந்தார்கள். நான் சைவம் என்றதும்தான் இரு தரப்பும் என்னைக் கைவிட்டன.

மீனுக்கும் கால்பந்துக்கும் என்ன உறவு என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்த ஊர் ரசிகர்களை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அணியின் மேல் ரசிகனுக்கு எவ்வளவு பிரியம் என்று அளந்து பார்த்தால் மூன்று தலைமுறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அவன் யாருக்கு எதிராகக் கத்துகிறான் என்று பார்த்தால் தெரியும். தாத்தா வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கத்தினார். அப்பா அடுத்த தெருக்காரனுக்கு எதிராக. இன்றைய பிள்ளைகள் பல நேரம் தன் சொந்த கிளப்பின் முதலாளிக்கு எதிராக.

முதல் தலைமுறையின் கதை 1911 ஜூலை 29. கொல்கத்தாவின் பழைய கால்பந்துக் கோப்பையான ஐ.எஃப்.ஏ. ஷீல்டின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் சிப்பாய்கள், மறுபக்கம் 1889-ல் தொடங்கப்பட்ட மோகன் பகான். மோகன் பகான் வீரர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். முதலில் கோல் வாங்கி, கடைசி நிமிடங்களில் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்து 2-1 என்று வென்றார்கள். சுற்று ஊர்களிலிருந்து ரயிலிலும் படகிலும் வந்த கூட்டத்தில் பெரும்பாலானோர் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியட்டும் என்று பட்டத்தில் கோல் கணக்கை எழுதிப் பறக்கவிட்டார்கள். இன்று கைபேசியில் 'டிங்' என்று வரும் கோல் செய்திக்கு அந்தப் பட்டம்தான் பாட்டன் முப்பாட்டன்.

அன்றைக்கு மைதானத்தை விட்டு வெளியே வந்த வீரர்களிடம் ஒருவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் காட்டி, "இது எப்போது இறங்கும்?" என்று கேட்டாராம். "அடுத்த முறை நாங்கள் ஷீல்டு ஜெயிக்கும்போது" என்று பதில் வந்ததாம். கதைதான், யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மோகன் பகான் அடுத்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வென்ற ஆண்டு 1947. இப்படி ஒரு தற்செயல் கையில் கிடைத்தால் எந்த ரசிகன் விடுவான்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 1911 அணியில் பலர் கிழக்கு வங்காளத்தை (இன்றைய வங்கதேசம்) பூர்வீகமாகக் கொண்டவர்கள். பின்னாளில் மோகன் பகானின் ஜென்ம விரோதிகளாகப் போகிற அதே கிழக்கு வங்காளம்! எதிரில் வெள்ளைக்காரன் நின்றவரை கிழக்கு, மேற்கு என்ற பேச்சு எழவில்லை.

எழுந்தது 1920-ல். மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஜோராபகான் என்ற கிளப், சைலேஷ் போஸ் என்ற வீரரை வெளியே உட்கார வைத்தது. கோபித்துக்கொண்ட துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறி, ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் கிளப்பைத் தொடங்கினார். கிழக்கிலிருந்து வந்தவன் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்ற மனத்தாங்கல் பெயரிலேயே ஏறிவிட்டது. 1925-ல் இரு அணிகளும் கல்கத்தா லீகில் முதல் முறையாக மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0. அப்புறம் நூறு ஆண்டுகளாக அந்தக் கணக்கு தீரவில்லை.

நடுவில் மூன்றாவது ஒரு கிளப்பின் கதையை ஒரு வரியில் தாண்டிவிடக் கூடாது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீகை வென்றது. வங்காளத்தின் மூலை முடுக்கிலிருந்த முஸ்லிம்களுக்கெல்லாம் அது சொந்த அணி. பிரிவினையில் அந்த ரசிகர்களில் கணிசமானோர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆட்டக்காரர்களை விற்று வாங்கலாம், ரசிகர்களே இடம்பெயர்ந்துவிட்டால் கிளப் என்ன செய்யும்? அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2024-ல்தான் நாட்டின் முதன்மைப் போட்டியான இந்தியன் சூப்பர் லீகுக்குள் (ஐ.எஸ்.எல்.) நுழைந்தது.

ஈஸ்ட் பெங்காலுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 1947-க்குப் பிறகு டாக்கா, பரிசால், ஃபரித்பூரிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தார்கள். ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கமெல்லாம் காலி நிலங்களில் மூங்கிலும் தகரமும் வைத்துக் குடியேற்றங்கள் எழுந்தன. ஊர் இல்லை, நிலம் இல்லை, ரேஷன் வரிசையில் நின்றால் ஏளனம். போன நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரே ஒரு பொருள் அந்த ஊரில் மிச்சமிருந்தது. அது ஒரு கால்பந்து கிளப். 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று முறை அந்த கிளப் ஷீல்டு வென்றபோது அகதிக் குடிசைகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வெற்றிகளைத் தேடித்தந்த முன்கள ஐவரான அகமது கான், சாலே, அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ் ஆகியோரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. எல்லோரும் தெற்கிலிருந்து போனவர்கள். அவர்களுக்கு அந்த ஊர் வைத்த பெயர் பஞ்ச பாண்டவர். லேக் மார்க்கெட் பெரியவர்கள் சிலர் இதை நினைவில் வைத்துக்கொண்டு, "நம்ம ஆட்கள் இல்லாவிட்டால் இவங்க என்ன பண்ணியிருப்பாங்க?" என்று மீசையை முறுக்குவார்கள். பெங்களூரும் காக்கிநாடாவும் அப்போது மட்டும் 'நம்ம ஆட்கள்' ஆகிவிடும்.

இங்கிருந்துதான் இரண்டாம் தலைமுறை. மேற்கு வங்காளத்து மண்ணின் மைந்தனுக்குப் பெயர் 'கோட்டி', கிழக்கிலிருந்து வந்தவனுக்குப் பெயர் 'பாங்கால்'. (எங்கள் ஊரில் கோட்டி என்றால் பைத்தியம் என்று அர்த்தம். இதைச் சொல்லி ஒரு பாங்கால் நண்பரை நாள் முழுக்கச் சிரிக்க வைத்தேன். கால்பந்து விஷயத்தில் இரண்டு பேருமே எங்கள் ஊர்க் கோட்டிதான்.) கோட்டிக்கு இறால், பாங்காலுக்கு பத்மா நதி இலிஷ், நம் பக்கம் உள்ளம் என்று சொல்கிற மீன். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த மாலையில் இலிஷ் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். மீன்காரர்கள் எந்த அணி ரசிகர்கள் என்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.

அந்தத் தலைமுறை ஆட்டம் பார்த்த இடம் மைதான். கோட்டையைச் சுற்றி ராணுவத்துக்குச் சொந்தமான பெரும் புல்வெளி, அதில் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு கூடாரம், மரப்பலகை கேலரி. டிக்கெட்டுக்கு விடிகாலையிலிருந்து வரிசை, வரிசை கலைந்தால் குதிரைப் போலீஸ். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கோட்டை மேட்டில் ஏறி நின்று எறும்பு அளவில் ஆட்டம் பார்த்தார்கள். முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலே பார்க்க, அட்டைக்குழாயில் இரண்டு கண்ணாடித் துண்டு பதித்த பெரிஸ்கோப் வைத்திருந்தார்கள். வர முடியாதவர்களுக்கு வானொலியில் அஜய் பாசுவின் வர்ணனை. ஜெர்சி போட்டுக்கொண்டு யாரும் போனதில்லை. அலுவலகத்திலிருந்து வேட்டி சட்டையோடு, குடையோடு, அப்படியே போனார்கள். ஜெயித்தால் கையிலிருந்த செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தித் தீப்பந்தமாகத் தூக்கிப் பிடித்தார்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது இனிமையாக இருக்கிறது. பழைய ரசிகர்களைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவோம். நிறுத்தக் கூடாது.

1975 செப்டம்பர் 30. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0. தன் ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து மோகன் பகான் வீரர்கள் சிலர் இரவை கங்கையில் ஒரு படகில் கழித்தார்கள். மோகன் பகான் ரசிகர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த பிறவியில் நல்ல மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழிதீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். இந்தச் சம்பவத்தைப் பெருமையாகச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் தெரியவில்லை. ஓர் இளைஞனுக்கு வாழ்க்கையில் பிடித்துக்கொள்ள அது ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போயிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. வேலையில்லாத் திண்டாட்டமும் தெருவில் அரசியல் கொலைகளும் மலிந்த எழுபதுகளின் கல்கத்தா அது.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன் மைதானத்தில் அதே இரு அணிகள். களத்தில் இரு வீரர்களுக்குச் சிவப்பு அட்டை, கேலரியில் கல்வீச்சு. இரு தரப்பு ரசிகர்களையும் பிரிக்காமல் ஒரே பகுதியில் உட்கார வைத்திருந்தார்கள். தப்பி ஓடிய கூட்ட நெரிசலில் 16 பேர் செத்தார்கள். ஆட்டம் பார்க்கக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளைகள். இன்றும் அந்த நாளில் கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் தினம் என்று ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். அதற்குப் பிறகு பல வீடுகளில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவருக்கு அப்போது 19 வயது. "அம்மா என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டாள்" என்பார்.

ரசிகன் மாறியதற்கு எல்லோரும் தொலைக்காட்சியைக் காரணம் சொல்வார்கள். கொல்கத்தாவைப் பொறுத்தவரை தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பே இந்தப் பயம் வந்துவிட்டது. அது வீட்டுக்கு வந்தபோது உட்கார்ந்து பார்க்க வீட்டில் ஆள் தயாராக இருந்தார்கள்.

வந்தது பெரிதாகத்தான் வந்தது. பெலே மேல் பக்தி முன்பே உண்டு, 1977-ல் அவர் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு வந்து ஈடனில் மோகன் பகானோடு 2-2 என்று ஆடிவிட்டுப் போயிருந்தார். ஆகவே ஊரே பிரேசில். 1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டியதும் பாதி ஊர் ஒரே மாதத்தில் அர்ஜென்டினா ஆனது. மெக்சிகோவில் நடுப்பகல் என்றால் இங்கே இரவு பதினொன்றரை. தெருவில் ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஐம்பது பேர். சந்துக்குச் சந்து நீல வெள்ளையும் மஞ்சள் பச்சையும் பூசினார்கள். 2008 டிசம்பரில் மாரடோனா வந்திறங்கியது நள்ளிரவு, ஆனாலும் விமான நிலையம் திணறியது.

உங்கள் மகன் இங்கிலாந்து அணிக்குக் கண் விழிப்பது புதிது இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். தூர தேசத்து அணிக்குக் கண் விழிக்க ஆரம்பித்தது உங்கள் தலைமுறை. ஒரு வித்தியாசம் உண்டு. அன்று அது நான்கு ஆண்டுக்கு ஒரு மாதத் திருவிழா. இன்று ஒவ்வொரு சனி, ஞாயிறும். திருவிழா தினசரி ஆகிவிட்டால் ஊர்த் தேர் யார் கண்ணில் படும்?

ஆனாலும் ஊர்த் தேர் நின்றுவிடவில்லை. 1997 ஜூலை 13, சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா வாய்ச்சவடாலில் மன்னர். எதிரணியான ஈஸ்ட் பெங்காலின் வீரர் ஓமோலோவை ஆம்லெட் என்றும், சோசோவை வெள்ளரிக்காய் என்றும் (வங்காளத்தில் வெள்ளரிக்காய் 'ஷோஷா') நக்கலடித்தார். பாய்ச்சுங் பூட்டியாவுக்கும் ஒரு பட்டப்பெயர், அதை நான் எழுதப் போவதில்லை, ஒரு மலைநாட்டுப் பையனை அப்படி அழைத்தது சரியில்லை. ஊரே கொதித்துப்போய் 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். இந்திய விளையாட்டு அரங்கு ஒன்றில் அவ்வளவு கூட்டம் அரிது. அன்றைக்கு என்னையும் ஓர் ஈஸ்ட் பெங்கால் நண்பர் இழுத்துக்கொண்டு போனார். சிமென்ட் படி, இருக்கை கிடையாது, மூச்சுவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர வேண்டும். பாய்ச்சுங் மூன்று கோல், ஈஸ்ட் பெங்கால் 4-1. மூன்றாவது கோலுக்கு என்னைக் கட்டிப்பிடித்த பெரியவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டையில் அவர் வெற்றிலைக் கறை மட்டும் மிச்சம்.

சரியாக அடுத்த ஆண்டு, 1998-ல், யாரும் எதிர்பாராதது நடந்தது. ஒரே மதுபானக் குழுமம் இரு கிளப்புகளிலும் பாதிப் பங்கை வாங்கியது. ஒன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால், மற்றொன்று மெக்டொவல் மோகன் பகான். பகையாளிகள் இருவருக்கும் ஒரே முதலாளி! அன்றைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். அவர்கள் கண் இன்னும் எதிர் கேலரி மேல்தான் இருந்தது.

அவர்களுடைய பிள்ளைகள் பழகிக்கொள்ளவில்லை. மூன்றாம் தலைமுறை என்று நான் சொல்வது இவர்களைத்தான். 2020-ல் மோகன் பகான், ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே.யோடு இணைந்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. பணம் வந்தது, நல்ல வீரர்கள் வந்தார்கள், அணி ஜெயிக்கவும் செய்தது. ஆனால் 1889-ல் பிறந்த பெயருக்கு முன்னால் 2014-ல் பிறந்த ஒரு பெயரா என்று பிள்ளைகள் கிளம்பினார்கள். சமூக ஊடகத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே 'ஏ.டி.கே.யை நீக்கு' என்ற ஒரே வாசகம். கேலரியில் அதே பதாகை, தெருவில் ஊர்வலம், சிலர் மைதானத்துக்கே வராமல் புறக்கணிப்பு. மூன்று ஆண்டு விடவில்லை. 2023 மார்ச்சில் அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவில் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அந்த மூன்றெழுத்து போகிறது என்று அறிவித்தார். 'மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்' என்று வேறொரு வால் ஒட்டிக்கொண்டது, அது வேறு விஷயம். இந்திய விளையாட்டில் காசு போட்டவரை ரசிகர்கள் இறங்கி வரவைத்தது அபூர்வம். ஈஸ்ட் பெங்கால் பிள்ளைகளும் சளைக்கவில்லை. 2021 ஜூலையில் முதலீட்டாளரோடு ஒப்பந்தம் இழுபறியானபோது கிளப் வாசலில் திரண்டு சொந்த நிர்வாகிகளுக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள், போலீஸ் தடியடி வரை போனது. அவர்களுடைய தாத்தாக்கள் நிர்வாகிகளைக் கும்பிட்டவர்கள்.

விசுவாசம் போய்விட்டது என்று யார் சொன்னாலும் எனக்கு நினைவுக்கு வருவது இன்னொரு காட்சி. 2020 ஜனவரி 19, சால்ட் லேக்கில் இரு அணிகளின் ஆட்டம். நாடெங்கும் குடியுரிமைப் பேச்சு சூடாக இருந்த நேரம். ஈஸ்ட் பெங்கால் கேலரியில் ஒரு மாபெரும் பதாகை விரிந்தது: "ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அல்ல." அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் பலருக்கு இருபது, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பரிசால் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சிலருக்குத் தெரியாது. அப்பா கோட்டி, அம்மா பாங்கால் என்ற வீடுகள் இப்போது ஏராளம். பிறப்பால் வந்த அணி என்பது தேய்ந்துவிட்டது. அதனாலேயே அந்தப் பிள்ளைகள் தாத்தாவின் அகதிக் கதையைத் தேடிப்பிடித்து, துணியில் எழுதி, கேலரியில் தொங்கவிடுகிறார்கள். தாத்தாவுக்கு அந்த அடையாளம் தானாக வந்தது, வேண்டாம் என்றாலும் விடாது. பேரன் விரும்பித் தேர்ந்தெடுக்கிறான். இரண்டில் எது ஆழம் என்று கேட்டால், எனக்குப் பேரன் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு.

2024 ஆகஸ்டில் அந்த ஊர் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். 18-ஆம் தேதி நடக்கவேண்டிய டூராண்டு கோப்பை டெர்பி (இந்த இரு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கு அந்தப் பெயர்), பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் அரங்க வாசலுக்கு வந்தார்கள். பச்சை மெரூன், சிவப்பு தங்கம், முகமதனின் கறுப்பு வெள்ளை எல்லாம் ஒன்றாக. "இரண்டு கேலரிக்கும் ஒரே குரல், ஆர்.ஜி. கருக்கு நீதி" என்று வங்காளத்தில் எதுகையோடு முழங்கினார்கள். மோகன் பகான் ஜெர்சிக்காரர் ஒருவர் ஈஸ்ட் பெங்கால் ஜெர்சிக்காரரைத் தோளில் தூக்கி நின்ற படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். 1980-ல் இதே நிறங்கள் ஒரே கேலரியில் இருந்ததால்தான் 16 பேர் செத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பெண்கள் நிறைய. இது நான் இருந்த காலத்தில் கிடையாது. 1997-ல் என்னைச் சுற்றி ஒரு பெண்ணைக்கூடப் பார்த்ததாக நினைவில்லை. சிமென்ட் படி போய்த் தனித்தனி இருக்கை வந்ததும், டிக்கெட் கைபேசியில் வந்ததும் ஒரு காரணம். அப்பாக்கள் மாறியதும் ஒரு காரணம்.

செருப்பை ஒளித்து வைத்த அம்மாவின் மகன் என்று சொன்னேனே, அந்த நண்பருக்கு ஒரே மகள், பெங்களூரில் வேலை. இங்கிலாந்து லீகில் அவளுக்கு ஓர் அணி உண்டு, அதன் ஜெர்சியில்தான் தூங்குவாள். ஆனால் டெர்பி நாளில் மட்டும் அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, மடிக்கணினியில் ஆட்டம் பார்ப்பாள். அப்பா பார்ப்பது தொலைக்காட்சியில். இணையத்தில் படம் அரை நிமிடம் தாமதமாக வரும். கோல் விழுந்தால் அப்பாவின் கத்தல் முதலில் வந்துவிடும், அவளுக்கு ஆட்டம் கெட்டுவிடும். அதனால் என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். மனிதர் வாக்கு மாறாமல் வாயைப் பொத்திக்கொள்கிறார். ஆனால் ஆட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும் அவரது வேர்க்கடலை உடைக்கும் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால், அடுத்த அரை நிமிடத்தில் மோகன் பகான் கோல் அடிக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.